பாக்ஸ் டியூபில் பற்றவைக்கும் சிஎன்சி ரவுட்டர்: ரெயில் உட்காரும் பரப்பைச் சமமாக்குவது எப்படி?

தச்சுப்பலகை:

வணக்கம் நண்பர்களே. மர வேலைக்காக ஒரு சிஎன்சி ரவுட்டரை (கணினி சொல்படி தானாக நகர்ந்து வெட்டும் மெஷின்) சொந்தமாகக் கட்டப் போகிறேன். வேலைப் பரப்பு 1200×800 மி.மீ. பெரும்பாலும் பிளைவுட், எம்டிஎஃப் (மரநார்ப் பலகை), கொஞ்சம் கெட்டி மரம், எப்போதாவது 6 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டுவேன். அலுமினிய எக்ஸ்ட்ரூஷனை (அச்சில் பிதுக்கி எடுத்த சட்டம்) போல்ட் போட்டுக் கட்டுவதுதான் சுலபம் என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் என்னிடம் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது, கையும் ஓரளவு பழகியிருக்கிறது, அதனால் இரும்பு பாக்ஸ் டியூபிலேயே சட்டம் பற்றவைக்க ஆசை.

இப்போதைய திட்டம் இதுதான். அடிச்சட்டம் முழுக்க 50×50×3 டியூப், கேன்ட்ரிக்கும் (ஸ்பிண்டிலைத் தாங்கி மேசைக்குக் குறுக்கே நிற்கும், நகரும் பாலம்) அதே டியூப் ஒன்று. 20 அளவு லீனியர் ரெயிலை டியூபின் மேல் முகத்திலேயே துளையிட்டு, மரை போட்டு நேராக இறுக்கிவிடுவது. மூன்று அச்சுக்கும் 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டு), நேமா 23 அளவு ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்), பிட்டைச் சுழற்ற 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில் மோட்டார்.

எனக்குள்ள கேள்விகள்: இந்த டியூப் போதுமா? பற்றவைத்தால் சட்டம் கோணிக்கொள்ளும் என்கிறார்களே, அதை எப்படிக் கட்டுப்படுத்துவது? டியூபுக்குள் மணல் நிரப்பினால் அதிர்வு குறையும் என்பது உண்மையா? உலோகப் பரப்பைச் சீவிச் சமமாக்கும் பெரிய மில்லிங் மெஷின் எதுவும் எனக்குக் கிடைக்காது, டயல் கேஜ் (சிறு விலகலை முள்ளால் காட்டும் அளவுகருவி), ரசமட்டம், கிரைண்டர், டிரில் இவ்வளவுதான் கைவசம்.

மைக்ரான்:

இரும்பைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஒரே குறுக்குவெட்டு உள்ள அலுமினியத்தைவிட இரும்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு, வெப்பத்தில் நீளுவதும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கேன்ட்ரிக்கு 50×50×3 வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

800 மி.மீ. வேலைப் பரப்புக்கு கேன்ட்ரி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 1000 மி.மீ. வரும். இரண்டு முனைகளையும் தாங்கிவிட்டு நடுவில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 50×50×3 டியூப் சுமார் 0.1 மி.மீ. வளையும். 80×80×4 டியூப் 0.018 மி.மீ.தான். எடை இரண்டு மடங்கைவிடச் சற்றுக் கூடுகிறது, விறைப்போ ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. சுவர் கனத்தைக் கூட்டுவதைவிட டியூபின் வெளி அளவைக் கூட்டுவதில்தான் லாபம் அதிகம்.

இதைவிட முக்கியமானது முறுக்கு, பலரும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வெட்டும் பிட்டின் முனை கேன்ட்ரியின் மையத்திலிருந்து 250 மி.மீ. கீழே தொங்குகிறது என்றால், அங்கே படும் பக்கவாட்டு விசை டியூபைத் திருகப் பார்க்கும். அதே 20 கிலோ விசைக்கு 50×50×3 டியூப் திருகுவதால் மட்டுமே முனையில் 0.13 மி.மீ. அளவுக்கு விலகல் வரும், 80×80×4-ல் அது 0.02 சுற்றி. மரம் வெட்டும்போது விசை இவ்வளவு வராது, ஆனால் அலுமினியத்தில் பிட் கத்துவதும் பரப்பில் அலை அலையாகக் கோடு விழுவதும் பெரும்பாலும் இங்கேயிருந்துதான். மூடிய டியூபுக்கு முறுக்கைத் தாங்கும் குணம் உண்டு என்பதால் ஒயர் போகட்டும், போல்ட் முடுக்க கை நுழையட்டும் என்று கேன்ட்ரியின் முகத்தில் பெரிய பெரிய ஓட்டை போட்டுவிடாதீர்கள், அந்தக் குணமே போய்விடும்.

இசட் அச்சின் (பிட்டை மேலும் கீழும் நகர்த்தும் பகுதி) தொங்கலை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். 100 மி.மீ. கனமுள்ள பொருளை ஒருநாள் வெட்ட வேண்டியிருக்கலாம் என்று 200 மி.மீ. உயர இடைவெளி விட்டுக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள், தினமும் 18 மி.மீ. பலகை வெட்டும்போதெல்லாம் அந்த ஒருநாளுக்காக விறைப்பை இழந்துகொண்டே இருப்பார்கள்.

நீள அச்சில் 1605 பால் ஸ்க்ரூவும் எனக்குச் சரியாகப் படவில்லை. 1400 மி.மீ. தாங்கலில்லாமல் ஓடும் 16 மி.மீ. ஸ்க்ரூ, ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை பேரிங்கிலும் இருந்தால், சுமார் 830 ஆர்பிஎம்மைத் தாண்டினால் சாட்டை மாதிரி அடிக்க ஆரம்பிக்கும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 4 மீட்டர்தான் உச்சம். இரண்டு வெட்டு முனை கொண்ட பிட்டை 18000 ஆர்பிஎம்மில் ஓட்டி, ஒரு முனைக்கு 0.1 மி.மீ. சீவல் எடுத்தாலே 3600 மி.மீ. வேகம் கேட்கும், அதாவது சாதாரண வெட்டிலேயே எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறீர்கள். 1610 வாங்குங்கள், அதே வேகத்துக்கு ஸ்க்ரூ பாதிதான் சுற்றும், ஸ்டெப்பரும் இழுவிசை குறையாத வேகத்தில் இருக்கும். இசட் அச்சுக்கு 1605 போதும், அங்கே அதுதான் நல்லதும்கூட.

நெருப்புப்பொறி:

மைக்ரான் சொன்ன அளவுகளை ஏற்றுக்கொள்கிறேன். நான் வெல்டிங் பக்கம் மட்டும் சொல்கிறேன், தொழிலே அதுதான்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு கவனமாகப் பற்றவைத்தாலும் ரெயில் கேட்கிற நேர்த்தன்மை பற்றவைத்த சட்டத்தில் கிடைக்காது. பற்றவைப்பு வலிமைக்கு, நேர்த்தன்மை அதற்கப்புறம் தனியாகச் செய்ய வேண்டிய வேலை. டியூபே தொழிற்சாலையிலிருந்து வரும்போது முகம் லேசாகக் குழிந்தோ புடைத்தோ இருக்கும், மூலை உருண்டிருக்கும், ஒரு முகத்தில் தையல் ஓடும். அதன் மேல் ரெயிலை நேராக இறுக்கினால் ரெயில் டியூபின் வளைவைப் பிடித்துக்கொள்ளும், கேரேஜ் (ரெயில் மேல் ஓடும் கட்டை) ஓர் இடத்தில் இறுகும், இன்னோர் இடத்தில் லூசாக ஓடும்.

ஆகவே ரெயில் வரும் இடத்தில் டியூபின் மேல் 10 அல்லது 12 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை வையுங்கள். 20 அளவு ரெயிலுக்கு எம்5 போல்ட், 60 மி.மீ.க்கு ஒன்று. அந்த மரை 3 மி.மீ. டியூப் சுவரில் பிடிப்பதற்கும் 12 மி.மீ. பட்டையில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டையை நீளம் முழுக்க ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காதீர்கள், டியூப் வில்லாக வளைந்துவிடும். 25 மி.மீ. நீளத் துண்டு, 150 மி.மீ. இடைவெளி, ஒரு பக்கம் ஒன்று போட்டால் அடுத்தது எதிர்ப்பக்கம், நடுவிலிருந்து முனைகளை நோக்கி.

சட்டத்துக்கு வருவோம். கோணலில் பாதி டியூப் வெட்டுகிற இடத்திலேயே பிறக்கிறது. முனை சரியாக 90 பாகையில் வெட்டப்பட்டு இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால் இழுப்பு குறைவு. இரண்டு மில்லி இடைவெளியை உலோகத்தால் நிரப்பினால் அத்தனையும் குளிரும்போது சுருங்கி, டியூபைத் தன் பக்கம் இழுக்கும். எல்லா மூட்டுகளையும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் அடியுங்கள். மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். டேக் நிலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்துவிடலாம், முழுதாகப் பற்றவைத்த பிறகு முடியாது. அப்புறம் ஒரு மூலையில் ஒரு முகம், உடனே எதிர் மூலையில் ஒரு முகம் என்று மாற்றி மாற்றிப் போங்கள். கை வைத்துத் தாங்குகிற அளவுக்குச் சூடு இறங்கிய பிறகே பழைய மூலைக்குத் திரும்புங்கள். 6013 ராட், 2.5 மி.மீ., 80 ஆம்பியர் சுற்றி வைத்தால் இந்தக் கனத்துக்குச் சரியாக இருக்கும். அவசரப்படுகிறவர்கள் ஒரே மூலையை நான்கு பக்கமும் சுற்றி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார்கள், சட்டம் முறுக்கிக்கொள்வது அப்படித்தான்.

நாகமுலாம் பூசிய டியூப் வாங்காதீர்கள், கருப்பு டியூப் வாங்குங்கள். முலாம் எரிந்து வரும் புகையை இழுத்தால் அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரும். வேறு வழியில்லாமல் அதுதான் கிடைத்தது என்றால் மூட்டுப் பக்கம் முலாமைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் பற்றவையுங்கள். டியூபின் இரண்டு முனையையும் மூடுவதாக இருந்தால் எங்காவது சின்னத் துளை விடுங்கள். உள்ளே சூடாகும் காற்று கடைசி மூட்டில் உருகிய உலோகத்தை ஊதித் தள்ளிவிடும். இன்னொன்று, ரெயிலும் பால் ஸ்க்ரூவும் எலக்ட்ரானிக்ஸும் மாட்டிய பிறகு சட்டத்தில் எதையும் பற்றவைக்கவே கூடாது. மின்னோட்டம் பேரிங் குண்டுகள் வழியாகப் பாய்ந்தால் ஓடுபாதையில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். அடைப்பு, கொக்கி, ஒயர் தாங்கி என்று நினைவுக்கு வருகிற எல்லாவற்றையும் முன்னாலேயே பற்றவைத்துவிடுங்கள்.

பற்றவைத்ததால் இரும்புக்குள் அடங்கியிருக்கும் அழுத்தத்தை நீக்குவது பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முறையான வழி, சட்டத்தை உலையில் 600 முதல் 650 பாகை செல்சியஸ் வரை ஏற்றி, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் வைத்து, உலைக்குள்ளேயே மெதுவாக ஆறவிடுவது. மில்லிங் செய்யப் போகிற சட்டத்துக்கு அது தேவை, இல்லாவிட்டால் மேல் தோலைச் சீவியதும் உள்ளே அடங்கியிருந்த இழுப்பு விடுபட்டுச் சட்டம் நகரும். நீங்கள் சீவப் போவதில்லை, அதோடு இது மரம் வெட்டும் மெஷின்தான். உலைக்கு அலைய வேண்டாம்.

தச்சுப்பலகை:

இருவருக்கும் மிக்க நன்றி. கேன்ட்ரி 80×80×4, நீள அச்சில் 1610 என்று மாற்றிக்கொள்கிறேன். ஆனால் என் முக்கியமான சந்தேகம் இன்னும் நிற்கிறது. மில்லிங் கிடையாது, உலை கிடையாது, அப்படியானால் பட்டையின் மேல் பரப்பைச் சமமாக்குவது எப்படி? எபாக்சி (கலந்து ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றினால் தானாகச் சமமாகிவிடும் என்று எங்கோ படித்தேன். நம்பலாமா?

அமைதிநீர்:

நம்பலாம், ஆனால் ஊற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு அது சரியாக வருவதில்லை. என் மெஷினில் இரண்டு ரெயில்களும் எபாக்சி மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

சாதாரணமாக ஒட்டுவதற்கு விற்கும் எபாக்சி வேண்டாம். தண்ணீர் மாதிரி ஓடக்கூடிய, மெதுவாக இறுகும் வகை வேண்டும். சீக்கிரம் இறுகுவது சமமாவதற்குள் கெட்டியாகிவிடும். இரண்டு ரெயில்களுக்கும் தனித்தனியாக ஊற்றினால் இரண்டும் தனித்தனியே சமமாக இருக்கும், ஆனால் உயரம் வேறுபடும். அதனால் இரண்டையும் இணைத்து ஒரு வாய்க்கால் கட்ட வேண்டும், ஒரே கலவையில் ஒரே தடவையாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். இறுகிய பிறகு வாய்க்காலை அறுத்தெடுத்துவிடலாம்.

ஊற்றுவதற்கு முன்னால் சட்டத்தையே ஒரு மில்லிக்குள் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். ஓர் இடத்தில் 4 மி.மீ. ஆழம், இன்னோர் இடத்தில் 12 மி.மீ. என்று இருந்தால் இறுகும்போது சுருங்குவதும் அந்த விகிதத்தில் மாறும், அப்புறம் சமம் எங்கே? 6 முதல் 8 மி.மீ. வரை சீராக இருக்கட்டும். ஓரத்தில் எபாக்சி சுவரைப் பற்றி மேலே ஏறி நிற்கும், அந்த ஏற்றம் சில மில்லி உள்ளே வரை வரும். அதனால் ரெயிலின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. கூடுதலாகக் கரை கட்டுங்கள். 20 மி.மீ. ரெயிலுக்கு 40 அல்லது 50 மி.மீ. அகலப் பட்டை என்று இப்போதே வாங்கிவிடுங்கள், பற்றவைத்த பிறகு அகலப்படுத்த முடியாது. கரையோர ஏற்றத்தைப் பிறகு தேய்த்தெடுக்கலாம்.

பட்டையின் மேல் துரு, எண்ணெய், பெயின்ட் எதுவும் இருக்கக்கூடாது. சொரசொரப்பாகத் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். குளிரான அறையில் ஊற்றினால் கெட்டியாக நின்றுவிடும், வெதுவெதுப்பான அறை வேண்டும். குமிழிகள் மேலே வந்ததும் வெப்பக் காற்றை லேசாக ஒரு தடவை ஓட்டினால் உடைந்துவிடும். பிறகு மேலே கூடாரம் மாதிரி மூடிவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். அறைக்குள் நடப்பது, கதவைச் சாத்துவது, பக்கத்தில் கிரைண்டர் ஓட்டுவது எதுவும் கூடாது. தொட்டால் ஒட்டவில்லை என்பது இறுகிவிட்டது என்று பொருளல்ல. ஒரு வாரம் விட்டுவிட்டு அப்புறம் துளையிடுங்கள்.

முக்கியமான ஒன்று: மெஷின் கடைசியாக எங்கே நிற்கப் போகிறதோ அதே இடத்தில், அதே கால்களில் நின்றபடி ஊற்றுங்கள். நான்கு காலில் நிற்கிற சட்டத்தை இடம் மாற்றினால் தரை வேறு மாதிரி தாங்கும், சட்டம் கொஞ்சம் முறுக்கும், ஊற்றிய மட்டமும் கூடவே முறுக்கும்.

மைக்ரான்:

அமைதிநீர் சொன்னது எல்லாம் சரி, ஓர் இடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எபாக்சி உயரத்தில்தான் சமம் தரும். ரெயில் பக்கவாட்டில் நேராக இருப்பதும் இரண்டு ரெயில்களும் இணையாக இருப்பதும் அதிலிருந்து வராது. உண்மையில் அந்தப் பக்கவாட்டு இணைத்தன்மைதான் கறாரானது, 20 அளவு ரெயிலுக்கு 0.02 மி.மீ. சுற்றிக் கேட்பார்கள். உயர வித்தியாசத்தில் அதைவிடத் தாராளமாக இருக்கலாம்.

முதல் ரெயிலை நேராக வைக்க மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி அதன் பக்கவாட்டிலிருந்து அளக்கலாம். கம்பி தொய்வது கீழ்நோக்கித்தான், பக்கவாட்டில் அது நேராகவே இருக்கும். அந்த ரெயிலை முழுதாக இறுக்கிவிட்டு அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் கேரேஜில் ஒரு விறைப்பான தகட்டை மாட்டி, தகட்டின் மறுமுனையில் டயல் கேஜை வைத்து இரண்டாவது ரெயிலின் பக்கத்தைத் தொட்டபடி நீளம் முழுக்க ஓட்டுங்கள். முள் அசையாத நிலையில் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கிக்கொண்டே போகலாம். கடைசியில் பால் ஸ்க்ரூவை மாட்டாமல் கேன்ட்ரியை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் இறுகினால் அங்கே இன்னும் வேலை பாக்கி. ஸ்க்ரூ மாட்டிய பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, மோட்டார் அடிக்கடி ஸ்டெப் இழக்கும்போது மோட்டாரையும் அதை ஓட்டும் டிரைவர் போர்டையும் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கேன்ட்ரியின் பக்கத் தூண்களை டியூபோடு பற்றவைக்காமல் போல்ட் போடுங்கள், துளையைக் கொஞ்சம் தாராளமாக விட்டு. செங்கோணத்தை மெஷின் ஓடிய பிறகு சரிசெய்ய அது ஒன்றுதான் வழி. இரண்டு பக்கமும் தனித்தனி மோட்டார், தனித்தனி ஹோமிங் சுவிட்ச் (தொடக்க இடத்தைக் காட்டுவது) வைத்தால் இன்னும் வசதி. ஒரு பலகையில் 800×600 செவ்வகத்தின் நான்கு மூலையிலும் துளை போடச் சொல்லி மூலைவிட்டங்களை அளந்தால் இரண்டும் சரியாக 1000 வர வேண்டும். இரண்டுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் கேன்ட்ரி 600 மி.மீ.க்கு 0.6 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

மணல் கேள்வியை யாரும் தொடவில்லை. மணல் விறைப்பைக் கூட்டாது, எடையைக் கூட்டும், டியூப் மணி மாதிரி ஒலிப்பதை அடக்கும். அடிச்சட்டத்தில் தாராளமாக நிரப்பலாம், கேன்ட்ரியில் வேண்டாம், மோட்டார் அந்த எடையையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும். ஈரம் துளிகூட இல்லாமல் வறுத்த மணலாக இருக்கட்டும், இல்லையென்றால் டியூப் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும்.

முனைமின்:

மெக்கானிக்கல் பேச்சுக்கு நடுவில் மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் என்றால் விஎஃப்டியில் (ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) உச்ச அதிர்வெண் 400 ஹெர்ட்ஸ் என்று அமைக்க வேண்டும், அதில்தான் 24000 ஆர்பிஎம் வரும். மோட்டாரின் மதிப்புகளைச் சரிபார்க்காமல், பெட்டியில் வந்த அமைப்பிலேயே ஓட்டிவிடாதீர்கள், மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகும். ஸ்பிண்டில் ஒயர் கவசம் உள்ளதாக இருக்கட்டும், கவசத்தை விஎஃப்டியின் எர்த்தில் சேருங்கள். ஸ்டெப்பர் சிக்னல் ஒயரும் லிமிட் சுவிட்ச் (எல்லையில் மெஷினை நிறுத்துவது) ஒயரும் அதனோடு ஒரே குழாயில் போகக்கூடாது. லிமிட் சுவிட்சை சாதாரண நிலையில் மூடியிருக்கும் இணைப்பில் வையுங்கள், ஒயர் அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும்.

இரும்புச் சட்டம் என்பதால் எர்த் இன்னும் முக்கியம். சட்டம், ஸ்பிண்டில் உடல், விஎஃப்டி மூன்றும் எர்த்தில் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பரப்பில் போல்ட் போட்டால் எர்த் சேராது, அந்த இடத்தில் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். ஸ்பிண்டிலும் சேர்த்து நிற்கிற மாதிரி எமர்ஜென்சி பட்டன் கட்டாயம், அதுவும் கை எட்டும் இடத்தில்.

தச்சுப்பலகை:

எல்லோருக்கும் நன்றி, திட்டத்தையே மாற்றி வரைகிறேன். அடிச்சட்டத்தின் மேல் நீளக் குழாய்கள் இரண்டும் 80×80×4, மற்றவை 50×50×3. ரெயிலுக்கு 50×12 பட்டை, அதன் மேல் எபாக்சி. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன்: போல்ட் துளைகளை எபாக்சி ஊற்றும் முன் போடுவதா, பின் போடுவதா?

அமைதிநீர்:

பின்னால்தான். ரெயிலையே அச்சாக வைத்து, அதன் துளைக்குள் சரியாக உட்காரும் டிரான்ஸ்ஃபர் பஞ்சால் மையம் குத்திக்கொள்ளுங்கள். எம்5 மரைக்கு 4.2 மி.மீ. டிரில், எபாக்சி வழியாகப் பட்டைக்குள். டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், சூட்டில் எபாக்சி இளகித் துளையைச் சுற்றி வரம்பு மாதிரி எழும்பும். எழும்பினால் பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகி லேசாகச் சீவிவிட்டு ரெயிலை வையுங்கள், இல்லாவிட்டால் ரெயில் அந்த வரம்புகளின் மேல்தான் நிற்கும். போல்ட் நீளத்தையும் கணக்குப் பாருங்கள். ரெயிலோடு வரும் போல்ட் 7 மி.மீ. எபாக்சியைத் தாண்டியதும் பட்டைக்குள் இரண்டு மரைகூடப் பிடிக்காது, நீளமானதாக வாங்க வேண்டியிருக்கும்.

நெருப்புப்பொறி:

பட்டையைப் பற்றவைக்கும்போது துண்டு வெல்டுகளைப் பட்டையின் பக்க விளிம்புக்குக் கீழேயே, டியூப் முகத்தோடு சேரும் மூலையில் நிறுத்திவிடுங்கள், மேல் பரப்புக்கு ஏறவிடாதீர்கள். ஏறினால் கிரைண்டர் பிடிக்க வேண்டிவரும், எபாக்சிக்குக் கரை கட்டும் டேப்பும் அங்கே ஒட்டாமல் கசியும். 80 மி.மீ. டியூபின் நடுவில் 50 மி.மீ. பட்டை வைத்தால் இரண்டு பக்கமும் 15 மி.மீ. கிடைக்கிறது, வெல்டுக்கு அது தாராளம்.